அண்ணாமலை நகரின் ஆய்வுக்கூடமும் கடலூர் மாவட்டத்தின் நோய்களும்

சிதம்பரம் ரயில் நிலையத்தைத் தாண்டிக் கிழக்கே போனால் அண்ணாமலை நகர். அங்கே ஒரே வளாகத்துக்குள் உயிர்வேதியியல் துறை இருக்கிறது. பல ஆண்டுகளாகச் சோதனை விலங்குகள் வளர்க்கப்பட்ட மைய விலங்ககம் இருக்கிறது. மருத்துவக் கல்லூரியும் பல் மருத்துவக் கல்லூரியும் பெரிய மருத்துவமனையும் இருக்கின்றன. வடகிழக்கே வெள்ளாறு கடலில் கலக்கும் பரங்கிப்பேட்டையில் அதே பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் மையம். கிழக்கே பிச்சாவரத்துச் சதுப்புக் காடு. வடக்கே, கடலூரை ஒட்டி, ரசாயன ஆலைகள் நிறைந்த சிப்காட் தொழிற்பேட்டை. ஒரு நோயைப் பற்றிய கேள்வி, அதை ஆராயும் கூடம், மருந்துக்கு மூலமாகும் செடியும் கடலுயிரும், சிகிச்சைக்கு வரும் நோயாளி ஆகிய எல்லாம் ஒருநாள் பயண தூரத்துக்குள் அமைந்த மாவட்டங்கள் இந்தியாவில் அதிகம் இல்லை.

ஒரு பல்கலைக்கழகம் மருத்துவ உயிரியல் ஆய்வு செய்வது எதற்காக? ஆய்விதழ்களின் பட்டியல், மேற்கோள் எண்ணிக்கை, முனைவர் பட்டங்கள் எல்லாம் அந்த வேலையின் கணக்குப் புத்தகங்கள். அந்தக் கூடத்தில் கேட்கப்படும் கேள்விகளில் எத்தனை சுற்றியுள்ள மக்களின் உடம்பிலிருந்து எழுந்தன, கிடைத்த விடைகளில் எத்தனை அவர்களிடம் திரும்பிப் போயின என்பதே அதன் உண்மையான அளவுகோல். அந்த அளவுகோலை வைத்துக் கடலூர், சிதம்பரம் பகுதியின் ஆய்வு மரபை மதிப்பிடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கல்லூரியில் தொடங்கிய வரலாறு

ராஜா சர் அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் சிதம்பரத்தில் மீனாட்சி கல்லூரியைத் தொடங்கினார். அதிலிருந்து வளர்ந்து 1929-இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகம் உருவானது. மாணவர் அங்கேயே தங்கிப் படிக்கும் உறைவிடப் பல்கலைக்கழகமாக அது வடிவமைக்கப்பட்டது. தமிழ், இசை, பொறியியல், வேளாண்மை என்று துறைகள் பெருகின. 1980-இல் ராஜா முத்தையா பல் மருத்துவக் கல்லூரியும் 1985-இல் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியும் வந்தன. சுற்றுவட்டாரக் கிராமங்களுக்கு அந்த மருத்துவமனை பெரிய ஆதரவாக ஆனது.

கடல் ஆய்வு அதற்கும் முந்தியது. விலங்கியல் பேராசிரியர் ஆர். வி. சேஷய்யா, வெள்ளாற்று முகத்துவாரத்தில் ஆய்வு நிலையம் அமைய வேண்டும் என்று 1950-களிலேயே அடித்தளம் போட்டார். நன்னீரும் உப்புநீரும் கலக்கும் கழிமுகம், சதுப்புக் காடு, திறந்த கடல் மூன்றும் நடந்து போகும் தூரத்திலும் படகு தூரத்திலும் கிடைக்கும் இடம் அது. 1963-இல் பல்கலைக்கழக மானியக் குழு பரங்கிப்பேட்டை நிலையத்தை உயராய்வு மையமாக அங்கீகரித்தது.

2013-இல், கடும் நிதி நெருக்கடிக்குப் பின், பல்கலைக்கழகத்தைத் தமிழக அரசு சட்டம் இயற்றித் தன் நிர்வாகத்துக்குள் கொண்டுவந்தது. அரசு மருத்துவக் கல்லூரிகளுக்கு உரிய கட்டணமே வேண்டும் என்று மருத்துவ மாணவர்கள் பல வாரங்கள் போராடினார்கள். அதன் விளைவாக 2021 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி உயர்கல்வித் துறையிலிருந்து மக்கள் நல்வாழ்வுத் துறைக்கு மாற்றப்பட்டு, கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆனது. மாணவர்களுக்கும் நோயாளிகளுக்கும் இது பெரிய நன்மை. ஆய்வுக்கு இது புதிய சிக்கலையும் கொண்டுவந்தது. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுப்படியிலிருந்து ஆய்வகத்துக்கு

அண்ணாமலை நகரின் உயிர்வேதியியல் துறையை இந்திய அறிவியல் உலகில் அடையாளம் காட்டியது சர்க்கரை நோய் பற்றிய நீண்ட ஆய்வு வரிசை. பேராசிரியர்கள் வேணுகோபால் மேனன், எல். பரி முதலியோரும் அவர்களின் மாணவர்களும் நம் வீட்டைச் சுற்றி வளரும் செடிகளை ஒவ்வொன்றாக எடுத்துப் பரிசோதித்தார்கள். ஆவாரம்பூ, வாழைப்பூ, கோவை இலை, மூக்கிரட்டை என்று பட்டியல் போகும். நாட்டு மருத்துவரும் பாட்டிமாரும் சர்க்கரைக்கு நல்லது என்று சொல்லி வந்தவையே பெரும்பாலும்.

ஆவாரம்பூ ஆய்வைச் சற்று அருகிலிருந்து பார்க்கலாம். ஸ்ட்ரெப்டோமைசஸ் என்ற மண் நுண்ணுயிரியிலிருந்து கிடைக்கும் ஸ்ட்ரெப்டோசோடோசின் என்ற பொருள், கணையத்தில் இன்சுலின் சுரக்கும் பீட்டா செல்களைத் தேடிப் பிடித்து அழிக்கும். அதைச் சிட்ரேட் கரைசலில் கலந்து வெள்ளெலிக்குச் செலுத்துவார்கள். செல்கள் உடையும்போது உள்ளிருக்கும் இன்சுலின் ஒரேயடியாக வெளியேறி, ரத்தச் சர்க்கரை சடாரென்று இறங்கும். விலங்கு இறந்துவிடாமல் இருக்க அன்றிரவு குடிநீரோடு குளுக்கோஸ் கொடுக்க வேண்டும். சில நாளில் சர்க்கரை ஏறி நிலைத்துவிடும். பிறகு விலங்குகளைக் குழுக்களாகப் பிரிப்பார்கள். ஒரு குழுவுக்கு எதுவும் இல்லை. ஒரு குழுவுக்கு ஏற்கெனவே மருத்துவர்கள் எழுதித் தரும் கிளிபென்கிளமைடு. மற்றவற்றுக்கு உடல் எடையில் ஒரு கிலோவுக்கு 0.15, 0.30, 0.45 கிராம் வீதம் ஆவாரம்பூச் சாறு, 30 நாள்.

அதிக அளவு சாறு பெற்ற குழுவில் ரத்தச் சர்க்கரை தெளிவாகக் குறைந்தது, இன்சுலின் கூடியது, கொழுப்பின் அளவுகளும் சீரடைந்தன. கல்லீரலில் சர்க்கரையை எரிக்கும் நொதிகளும் புதிதாக உருவாக்கும் நொதிகளும் இயல்பான நிலையை நோக்கித் திரும்பின. 2002-இலும் 2003-இலும் எம். லதாவும் பரியும் வெளியிட்ட இந்த முடிவுகள் பல நாட்டு ஆய்வாளர்களால் எடுத்தாளப்பட்டன. ‘ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ’ என்ற பழமொழியை அறியாத தமிழர் குறைவு. அந்த நம்பிக்கைக்குள் எந்த நொதி எந்தப் பக்கம் அசைகிறது என்று காட்டியது சிதம்பரத்து ஆய்வகம்.

இந்த வேலையின் மதிப்பு பெரிது. வாய்வழியாக வந்த அறிவைச் சோதனைக்கு உட்படுத்தி, எதை நம்பலாம், எதை விடலாம் என்று பிரிக்கும் முறையை அது தலைமுறை தலைமுறையாக மாணவர்களுக்குக் கற்றுக்கொடுத்தது. கிராமத்துக் கல்லூரிகளில் படித்துவிட்டு அண்ணாமலை நகருக்கு வந்த பிள்ளைகள் பலர் இங்கேதான் ஆய்வாளர் ஆனார்கள்.

அடுத்த படி மனித ஆய்வு. எலியின் அளவை அப்படியே மனிதனுக்குப் பெருக்க முடியாது. உடல் பரப்பளவைக் கணக்கில் கொண்டு மாற்றும் வழக்கமான முறைப்படி எலியின் அளவைச் சுமார் 6.2-ஆல் வகுக்க வேண்டும். அப்படிப் பார்த்தால் கிலோவுக்கு 0.45 கிராம் என்பது 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 4.4 கிராம் உலர் சாறு ஆகிறது. கொடுக்கக்கூடிய அளவுதான். அதைக் கொடுத்துப் பார்க்கும் முன், அந்தச் சாற்றில் எந்த வேதிப்பொருள் எவ்வளவு இருக்கிறது, விருத்தாசலத்துச் செம்மண்ணில் பறித்த பூவும் வேறொரு மாவட்டத்துப் பூவும் ஒன்றா, சிறுநீரகத்துக்குத் தீங்கில்லையா, ஏற்கெனவே மெட்பார்மின் சாப்பிடுபவருக்குச் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்குமா என்று பார்க்க வேண்டும். எலியில் வெற்றி கண்ட செடிகளின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. அவற்றில் ஒன்றையாவது கடைசிப் படிவரை கொண்டு செல்லும் வேலை பாக்கி நிற்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் ஆதரவோடு 2023-இல் வெளியான பெரிய ஆய்வு, நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 10.1 கோடி என்று கணித்தது. இவ்வளவு பேர் காத்திருக்கும்போது அந்த வேலையைத் தள்ளிப்போடுவது நியாயமில்லை.

மெட்பார்மின் பிறந்த கதையே இதற்குப் பாடம். ஐரோப்பாவில் நாட்டு மருந்தாகப் பயன்பட்ட கலேகா என்ற செடியில் குவானிடின் வகைப் பொருள் இருப்பது தெரிந்து, அது நச்சுத்தன்மை உடையது என்பதும் தெரிந்து, அதன் அமைப்பைப் பின்பற்றிப் பாதுகாப்பான மூலக்கூறைத் தேடித்தான் அந்த மாத்திரைக்கு வந்தார்கள். சீனத்தின் தூ யூயூ, பழைய மருத்துவ நூல் ஒன்றைப் படித்து, கொதிக்க வைத்தால் மருந்தின் வீரியம் கெடுகிறது என்று ஊகித்து, குறைந்த வெப்பத்தில் சாறெடுத்து ஆர்ட்டிமிசினினைக் கண்டார். மலேரியாவின் சிகிச்சையே மாறியது. 2015-இல் நோபல் பரிசு வந்தது. இரண்டிலும் செடி தொடக்கம் மட்டுமே. முடிவு நோயாளியின் படுக்கையருகே எழுதப்பட்டது.

கன்னப்பையில் வளரும் புற்று

வாய்ப்புற்று நம் நாட்டின் துயரம். உலகின் வாய்ப்புற்று நோயாளிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒருவர் இந்தியர். காரணமும் தெரிந்ததே: புகையிலை, பாக்கு, இரண்டும் கலந்த பொட்டலங்கள். வயலுக்குப் போகும்போது கன்னத்தில் ஒதுக்கிவைத்த புகையிலையோடு நாளைக் கழிக்கும் ஆண்களும் பெண்களும் கடலூர் மாவட்டக் கிராமங்களில் இன்றும் உண்டு.

அண்ணாமலை நகரில் பேராசிரியர் எஸ். நாகினியின் குழு இதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தது. அவர்கள் தேர்ந்த விலங்கு சிரிய ஹாம்ஸ்டர். அதன் கன்னத்துக்குள் தானியத்தைச் சேர்த்து வைக்கும் பை ஒன்று இருக்கிறது. டிஎம்பிஏ என்ற புற்றூட்டும் பொருளைத் திரவ பாரபினில் 0.5 விழுக்காடு கரைத்து, நான்காம் எண் தூரிகையால் அந்தப் பையின் உட்பரப்பில் வாரத்துக்கு மூன்று முறை, 14 வாரம் பூசுவார்கள். முதலில் தோல் தடிக்கும்; பின் செல்கள் ஒழுங்கு கெடும்; கடைசியில் மனித வாய்ப்புற்றை ஒத்த கட்டி எழும். புகையிலையை ஒதுக்கும் மனித வாயில் பல ஆண்டுகளில் நடப்பதை 14 வாரத்துக்குள் ஒவ்வொரு படியாகப் பார்க்க முடிகிறது என்பதே இந்த முறையின் சிறப்பு.

அதோடு கறுப்புத் தேயிலையின் பாலிபீனால்கள், வேப்பிலைச் சாறு, வேம்பிலுள்ள நிம்போலைடு போன்றவற்றைக் கொடுத்தால் கட்டி உருவாவது குறைகிறதா, செல்லுக்குள் எந்தக் கட்டளைத் தொடர் அடங்குகிறது, கெட்ட செல் தானே மடியும் வழி திறக்கிறதா என்று தேடினார்கள். நிம்போலைடு இன்று பல நாடுகளில் புற்றுநோய் ஆய்வாளர்கள் கவனிக்கும் மூலக்கூறு. அந்தக் கவனத்துக்குச் சிதம்பரத்தின் பங்களிப்பு உண்டு.

இதே வளாகத்தில் பல் மருத்துவக் கல்லூரி இருப்பதுதான் இங்கே முக்கியம். கன்னத்தின் உட்புறம் வெள்ளைப் படலம் படிந்தவர்கள், வாய் முழுதாகத் திறக்க முடியாமல் இறுகிப்போனவர்கள் பல் வலி என்று சொல்லிக்கொண்டு அங்கே வருகிறார்கள். அவை புற்றுக்கு முந்தைய நிலைகள். ஹாம்ஸ்டரின் பையில் ஆறாம் வாரம், எட்டாம் வாரம் என்று ஆய்வாளர் பார்க்கும் மாற்றம் அந்த மனிதர்களின் வாயில் இப்போது நடந்துகொண்டிருக்கிறது. அவர்களைப் பெயர் பதிந்து, ஆண்டுக்கணக்கில் பின்தொடர்ந்து, எந்தப் படலம் புற்றாக மாறுகிறது, எது மாறாமல் நிற்கிறது, எச்சிலிலேயே முன்னறிகுறி கிடைக்குமா என்று பார்ப்பது, விலங்காய்வில் பெற்ற அறிவு முழுவதும் பயன்படும் இடம்.

சதுப்பும் கடலும்

சிதம்பரம் கோயிலின் தல மரம் தில்லை. அதன் இயல்பான இருப்பிடம் பிச்சாவரத்துச் சதுப்பு. அதன் பால் கண்ணில் பட்டால் பார்வை தற்காலிகமாகப் போய்விடும். தோலில் பட்டால் கொப்புளம் எழும். இப்படிக் கடுமையான வேதிப்பொருள்களைச் சுமந்து நிற்கும் மரத்தை மருந்தியலாளர் கவனிக்காமல் விட மாட்டார். உப்பு, வெயில், அலை, ஆக்சிஜன் இல்லாத சேறு எல்லாவற்றையும் தாங்கிப் பிழைக்கும் தாவரங்கள் தங்களைக் காத்துக்கொள்ள வேறெங்கும் கிடைக்காத பொருள்களை உண்டாக்குகின்றன. பேராசிரியர் க. கதிரேசனும் அவரது மாணவர்களும் சதுப்புத் தாவரங்களைக் கொசுப்புழுவுக்கு எதிராகவும் வைரஸ்களுக்கு எதிராகவும் சோதித்தார்கள். சுரபுன்னையிலிருந்து பிரித்த பலசர்க்கரைப் பொருள் ஒன்று செல் வளர்ப்பில் எச்ஐவி வைரஸைத் தடுத்தது என்று ஜப்பானிய ஆய்வாளர்களோடு சேர்ந்து 1999-இல் வெளியிட்ட கட்டுரை இந்த வரிசையில் குறிப்பிடத்தக்கது.

கடலிலிருந்து மருந்து வருவது கற்பனை அல்ல. ரத்தப் புற்றுக்குத் தரப்படும் சைட்டராபின், கடற்பஞ்சு ஒன்றில் கண்ட மூலக்கூறைப் பின்பற்றி உருவானது. கூம்புச் சங்கின் நஞ்சிலிருந்து வந்த சிகோனோடைடு, கடும் வலிக்கான மருந்தாக 2004-இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது. கூம்புச் சங்குகள் நம் கடற்கரையிலும் உண்டு. பரங்கிப்பேட்டை மீனவர் வலையில் சிக்கி, விலை போகாது என்று மணலில் உதறிவிடும் உயிர்களில் பல, ஆய்வாளர் தேடும் உயிர்கள்.

2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை இந்தக் கரையைத் தாக்கியது. கடலூர் மாவட்டத்தில் நூற்றுக்கணக்கானோர் இறந்தார்கள். கதிரேசனும் உடன் ஆய்வாளர் ராஜேந்திரனும் பரங்கிப்பேட்டைக் கரையோரம் 18 மீனவக் குடியிருப்புகளை ஒப்பிட்டு, சதுப்புக் காட்டின் பின்னால் இருந்த ஊர்களில் உயிரிழப்பு குறைவு என்று 2005-இல் எழுதினார்கள். கடலிலிருந்து உள்ள தூரமும் நில உயரமுமே அந்த வேறுபாட்டைப் பெரிதும் விளக்கிவிடும் என்று வேறு ஆய்வாளர்கள் மறுத்தார்கள். உலக அளவில் விவாதம் தொடர்ந்தது. யார் சொன்னது சரி என்பதைவிட, இவ்வளவு தூரம் எதிரொலித்த கேள்வி எங்கே பிறந்தது என்பது கவனிக்க வேண்டியது. அது தன் ஊரில் நடந்ததைத் தானே போய் அளந்து பார்த்ததால் பிறந்த கேள்வி.

மாவட்டம் எழுப்பும் கேள்விகள்

யானைக்கால் நோயின் வரலாற்றில் கடலூருக்கு ஓர் இடம் உண்டு. சாக்கடை நீரில் பெருகும் க்யூலெக்ஸ் கொசு பரப்பும் புழு இந்த நோய்க்குக் காரணம். அதன் குஞ்சுகள் இரவில்தான் மேலோட்ட ரத்தத்துக்கு வரும். அதனால் ரத்தம் எடுக்கும் பணியாளர் ஊர் உறங்கும் நேரத்தில் வீடு வீடாகப் போய் விரல் நுனியில் குத்தி எடுக்க வேண்டும். நோயாளியை மட்டும் தேடிப்பிடித்து மருந்து தருவதற்குப் பதில், ஊர் முழுவதற்கும் ஆண்டுக்கு ஒருமுறை டிஇசி மாத்திரை தரும் திட்டம் 1996-இல் கடலூர் மாவட்டப் பகுதியில் முன்னோடியாகத் தொடங்கப்பட்டது. தாய்ப்புழுவை அந்த மாத்திரை முழுதாகக் கொல்லாது. அது பல ஆண்டு உயிரோடு இருக்கும். குஞ்சுகளை ஆண்டுதோறும் அழித்துக்கொண்டே வந்தால் கொசுவுக்குப் புழு கிடைக்காமல் சங்கிலி அறுந்துவிடும் என்பது கணக்கு. அடுத்த ஆண்டே உலக சுகாதாரப் பேரவை இந்த நோயை ஒழிக்கத் தீர்மானம் போட்டது. நாடு தழுவிய மாத்திரைத் திட்டமும் பின்னால் வந்தது. புதுச்சேரியில் 1975 முதல் இயங்கும் நோய்க்கடத்திக் கட்டுப்பாட்டு ஆராய்ச்சி மையம் இந்தப் பகுதியின் கொசுவையும் புழுவையும் நெருக்கமாக ஆராய்ந்து வந்திருக்கிறது.

கடலூர் சிப்காட்டின் கதை வேறு. 1980-களில் உப்பனாற்றங்கரையில் எழுந்த சாய, பூச்சிக்கொல்லி, மருந்துப் பொருள் ஆலைகளின் நெடி குடிகாடு, ஈச்சங்காடு, செம்மங்குப்பம் மக்களுக்கு அன்றாட வாழ்வு ஆகிவிட்டது. கண் எரிச்சல், மூச்சுத் திணறல், கெட்டுப்போன கிணறு என்று அவர்கள் சொன்னதை நெடுநாள் யாரும் அளக்கவில்லை. 2004 முதல் கிராமத்தவரே பயிற்சி பெற்று, வாளி போன்ற எளிய கருவியில் காற்றைப் பிடித்து ஆய்வகத்துக்கு அனுப்பத் தொடங்கினார்கள். எந்த நேரத்தில் எந்தத் திசையிலிருந்து என்ன வாடை வந்தது என்று குறித்து வைத்தார்கள். பிறகு நாக்பூரின் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆராய்ச்சி நிறுவனம் செய்த ஆய்வு, அங்கு வாழ்வோருக்குப் புற்றுநோய் ஆபத்து ஏற்கத்தக்க அளவைப் பல மடங்கு மிஞ்சுகிறது என்று சொன்னது; 2008-இல் அது வெளியே தெரிந்து பெரும் அதிர்ச்சியை உண்டாக்கியது.

அது காற்றில் உள்ள பொருள்களைக் கொண்டு போட்ட கணிப்பு. மனித உடம்பில் என்ன நடந்திருக்கிறது என்பது தனிக் கேள்வி. பென்சீனைச் சுவாசித்தவரின் சிறுநீரில் மியூகானிக் அமிலம் வெளியேறும், அதை அளக்கலாம். ரத்தத்தில் குளுடாதயோன் எவ்வளவு குறைந்தது, கொழுப்பு எவ்வளவு ஆக்சிஜனேற்றம் அடைந்தது என்று அளக்கலாம். ரத்தத்தின் இந்த இரண்டு அளவீடுகளும் அண்ணாமலை நகர் மாணவர்கள் எலியின் ரத்தத்தில் ஆயிரம் முறை செய்து கைபழகியவை. அதே சோதனைக்குழாய், அதே நிறமானி. செம்மங்குப்பத்துத் தாய்மார்களின் ரத்தத்தையும் தொழிற்சாலை வாடையே படாத ஓர் ஊரின் ரத்தத்தையும் ஒப்பிட்டு, வயது, புகைப்பழக்கம், வேலை எல்லாவற்றையும் கணக்கில் கொண்டு பல ஆண்டு பின்தொடர்ந்தால், அந்த மக்களின் சொல்லுக்கு அறிவியல் சாட்சி கிடைக்கும். சென்னை அடையாறு புற்றுநோய் நிறுவனம் அரசோடு சேர்ந்து 2012 முதல் நடத்தும் தமிழ்நாடு புற்றுநோய்ப் பதிவேடு இருக்கிறது. அந்தப் பதிவேட்டின் தரவோடு சிப்காட் கிராமங்களை இணைத்துப் பார்ப்பது செய்யக்கூடிய காரியம்.

உள்ளூர்க் கேள்வி சின்னக் கேள்வி என்று நினைக்க வேண்டியதில்லை. 1956-இல் சென்னையில் காசநோய் ஆய்வு மையம் தொடங்கியபோது அதன் முன் இருந்தது நகரத்து ஏழைகளின் கேள்வி: சானடோரியத்தில் படுக்கை கிடைக்காதவர் வீட்டிலேயே மருந்து சாப்பிட்டால் குணமாகுமா? ஒரு பாதி நோயாளிகள் சானடோரியத்தில், மறுபாதி தங்கள் நெருக்கமான வீடுகளில், ஒரே மருந்து, ஓர் ஆண்டு. ஓய்வும் நல்ல உணவும் குறைவாக இருந்தும் வீட்டிலிருந்தவர்கள் ஏறக்குறைய அதே அளவு குணமடைந்தார்கள். வீட்டாருக்குத் தொற்று கூடவும் இல்லை. 1959-இல் வெளியான அந்த முடிவு உலகம் முழுவதும் காசநோய்ச் சிகிச்சையை மருத்துவமனைச் சுவருக்கு வெளியே கொண்டுவந்தது.

உயிர்களுக்குப் பட்ட கடன்

விலங்காய்வைப் பற்றிப் பேசும்போது இந்த மண்ணின் இன்னொரு மரபையும் நினைக்க வேண்டும். சிதம்பரத்துக்கு அருகே மருதூரில் 1823-இல் பிறந்த வள்ளலார், 1867-இல் வடலூரில் தருமசாலையைத் தொடங்கி, எந்த உயிருக்கும் துன்பம் செய்யாமையைத் தன் நெறியின் நடுவில் வைத்தார். அதே மாவட்டத்தில் விலங்குகள் மீது சோதனை நடக்கிறது. இந்த முரண்பாட்டை மூடி மறைக்காமல் முகம் கொடுத்துப் பேசுவதே நேர்மை.

விலங்கு வதைத் தடுப்புச் சட்டம் 1960-இல் வந்தது. அதன் கீழ் சோதனைகளைக் கட்டுப்படுத்தும் விதிகள் 1998-இல் வந்தன. பதிவு பெற்ற விலங்ககம், நெறிமுறைக் குழுவின் ஒப்புதல் இரண்டும் இல்லாமல் சோதனை செய்யக் கூடாது. மைய விலங்ககம் 1999-ஆம் ஆண்டுப் பதிவு எண்ணைத் தன் ஆய்வுக் கட்டுரைகளில் தவறாமல் குறிப்பிட்டு வந்திருக்கிறது. மாற்று வழி இருந்தால் அதைப் பயன்படுத்து, எண்ணிக்கையைக் குறை, வலியைத் தணி என்று ரஸ்ஸலும் பர்ச்சும் 1959-இல் வகுத்த மூன்று நெறிகள் இன்று உலகப் பொது விதி.

என் பார்வையில் நான்காவது நெறி ஒன்றும் வேண்டும்: ஒரு விலங்கின் உயிரைக் கொடுத்துப் பெற்ற அறிவு பயனின்றிக் கிடக்கக் கூடாது. ஒரே செடியின் ஒரே விளைவை வேறு வேறு தலைப்பில் பலமுறை நிறுவுவது அந்த உயிர்களுக்குச் செய்யும் நியாயம் ஆகாது. முதல் முடிவு உறுதியானதும் அடுத்த படிக்கு நகர்வதே அந்தக் கடனைத் தீர்க்கும் வழி.

தடை எங்கே?

திறமைக் குறைவு இல்லை என்பதை மேலே சொன்ன வேலைகளே காட்டும். தடைகள் வேறு இடத்தில் இருக்கின்றன.

முதலாவது, பட்டத்தின் காலக்கெடு. முனைவர் பட்ட மாணவருக்கு மூன்று முதல் ஐந்து ஆண்டு. அதற்குள் ஒரு செடி, ஒரு விலங்கு, சில கட்டுரைகள் என்று முடித்தாக வேண்டும். மனித ஆய்வு அந்தச் சட்டகத்துக்குள் அடங்காது. ஒரு மாணவர் விட்ட இடத்தில் அடுத்தவர் தொடரும்படி, துறையே பத்தாண்டுத் திட்டம் வைத்துக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, மனித ஆய்வின் செலவும் விதிகளும். 2009 முதல் இந்தியாவில் மருந்தாய்வு எதையும் தேசியப் பதிவேட்டில் முன்கூட்டியே பதிய வேண்டும். 2019-இல் புதிய விதிகள் வந்தன. இழப்பீடு, காப்பீடு, கண்காணிப்பு எல்லாம் வேண்டும். நோயாளியைக் காக்க இவை அவசியம். தனித் துறை ஒன்று தன் கையிருப்பில் இதைச் சுமக்க முடியாது. அரசின் நிதி வேண்டும்.

மூன்றாவது, நிர்வாகப் பிரிவு. 2021 மாற்றத்துக்குப் பின் மருத்துவமனை நல்வாழ்வுத் துறையின் கீழ். அறிவியல் துறைகள் உயர்கல்வித் துறையின் கீழ். ஒரே சாலையின் இரண்டு பக்கம் இரண்டு துறைகளின் கோப்புகள். நோயாளியின் ரத்த மாதிரி ஒன்று சாலையைக் கடக்க எழுத்துப்பூர்வமான ஏற்பாடு வேண்டும். இரு துறைகளும் ஒரே பொது ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டு, கூட்டு நெறிமுறைக் குழுவும் மாதிரி வங்கியும் அமைத்தால் இந்தத் தடை நீங்கும். பெரிய பணம் தேவைப்படாத சீர்திருத்தம் இது.

நான்காவது, மக்களோடு பேசும் மொழி. ஆய்வு முடிவுகள் ஆங்கிலத்தில் வெளியாகின்றன, அது தேவை. ஆனால் ரத்தம் கொடுத்த குடிகாட்டுப் பெண்ணுக்கும் வாயைத் திறந்து காட்டிய புவனகிரி விவசாயிக்கும் தன் உடம்பைப் பற்றி என்ன தெரியவந்தது என்று தமிழில், எழுத்தில், நேரில் சொல்ல வேண்டும். ஒப்புதல் படிவம் அவர்களுக்குப் புரிகிற தமிழில் இருக்க வேண்டும். ஆய்வு முடிந்த பிறகு ஊர்க் கூட்டம் கூட்டி முடிவைச் சொல்வது, ஆய்வின் கடைசி அத்தியாயமாகவே விதிக்கப்பட வேண்டும்.

அடுத்த பத்தாண்டுக்கு

இவற்றைத் தொகுத்தால் மூன்று வேலைகள் முன்னே நிற்கின்றன. சர்க்கரைக்கான செடிகளில் ஆதாரம் மிகுந்த ஒன்றை, ஆவாரையே ஆகலாம், தேர்ந்து, சாற்றைத் தரப்படுத்தி, நச்சுத்தன்மை பார்த்து, சித்த மருத்துவரையும் நவீன மருத்துவரையும் ஒரே குழுவில் உட்காரவைத்து, முறையான மனித ஆய்வுக்குக் கொண்டு செல்வது முதல் வேலை. முடிவு சாதகமாக வந்தாலும் பாதகமாக வந்தாலும் அது நாட்டுக்கு லாபம். பயனில்லை என்று தெரிந்தால், மாத்திரையை நிறுத்திவிட்டுப் பூக்கஷாயத்தை மட்டும் நம்பும் பலரின் கண்ணும் சிறுநீரகமும் காப்பாற்றப்படும்.

வாய்ப்புற்றுக்கு முந்தைய நிலையில் உள்ளவர்களுக்கான நிரந்தர மையம் இரண்டாவது. பல் மருத்துவர், புற்று உயிரியலாளர், புகையிலையை விடத் துணை நிற்கும் ஆலோசகர் மூவரும் ஒரே அறையில் இருக்க வேண்டும். வீடு தேடிப் போகும் அரசின் மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 முதல் கிராமங்களில் இயங்குகிறது. அந்தப் பணியாளர்களுக்கு வாயைப் பரிசோதிக்கும் பயிற்சி கொடுத்தால் சந்தேகத்துக்குரியவர்கள் ஆரம்பத்திலேயே இங்கே வந்து சேர்வார்கள்.

சிப்காட் கிராமங்களின் உடல்நலத்தை நீண்டகாலம் பின்தொடரும் ஆய்வு மூன்றாவது. இதற்கு ஆலைகளின் பணம் வாங்கக் கூடாது; பொதுப் பணத்தில், முடிவுகளை உடனுக்குடன் பொதுவில் வைத்து நடத்த வேண்டும். வாளியில் காற்றைப் பிடித்த கிராமத்தவர்கள் இந்த ஆய்வின் திட்டக் குழுவில் உறுப்பினர்களாக இருக்க வேண்டும். எந்த இரவில் எந்த வாடை என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு வேறு யாருக்கும் தெரியாது.

அண்ணாமலை நகரின் ஆய்வுக்கூடங்கள் கடந்த அரை நூற்றாண்டில் கருவியைக் கையாளவும் விலங்கில் நோயை உருவாக்கி அளக்கவும் மூலக்கூறைப் பிரித்தெடுக்கவும் கற்றுக்கொண்டன. அந்தக் கல்வி வீண் அல்ல, அது முதலீடு. மூலதனம் சேர்ந்துவிட்டது, இனி அதை மக்களுக்காகச் செலவழிக்க வேண்டிய காலம். ஒரு பல்கலைக்கழகத்தின் மருத்துவ ஆய்வு, தன்னைச் சுற்றி வாழ்பவர்கள் எந்த நோயால் வருந்துகிறார்கள் என்று முதலில் கேட்டு, அந்த நோய் குறைந்ததா என்று கடைசியில் சரிபார்க்க வேண்டும். இந்த இரண்டு கேள்விகளையும் தன் ஆண்டறிக்கையின் முதல் பக்கத்தில் எழுதி, ஆண்டுதோறும் பதில் சொல்லத் துணியும் மையமாக அண்ணாமலை நகர் மாற வேண்டும். அதற்கான ஆட்களும் அறிவும் மருத்துவமனையும் கடலும் இந்த மாவட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.